சிஸ்டரின் இரண்டு விரல்கள்

2007ஆம் ஆண்டு ஒக்டோபர் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். கொட்டாஞ்சேனையில் மழை பெய்துகொண்டிருந்தது. காற்றில்லாத, நேராக விழுகிற மழை. கன்னியர் மடத்தின் பின்பக்க அறையில், என் மனைவியின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, சிஸ்டர் தன் வலக்கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து விரலில் ஒரு வெள்ளி மோதிரம். போய்வருவதை ஒன்று என்று வைத்து எண்ணினேன். இருபத்து நான்கில் கை நின்றது. "இப்ப என்ன வருது அம்மா?" என்று சிஸ்டர் கேட்டார். "ஒண்டும் வரேல்லை சிஸ்டர். உங்கட கைதான் போய்ப் போய் வருது" என்றாள் மனைவி.

நான் கணக்காய்வுப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க எனக்கு வராது. மடத்து வாசலிலிருந்து அந்த அறைக்கு எத்தனை படி, சுவரில் எத்தனை படம் என்பதெல்லாம் அன்றே எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் நடந்தது என்ன என்று கேட்டால் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

அதற்கு முந்திய வருடம் மனைவி வந்துகொண்டிருந்த பஸ்ஸில் குண்டு வெடித்தது. எங்கே, எந்த நாள் என்று எழுத விருப்பமில்லை. அந்த வருடங்களில் அப்படிப் பல நாட்கள் இருந்தன. கண்ணாடிச் சில்லுகள் கிழித்த காயங்களோடும், இடக்காது கேளாமலும் அவள் பிழைத்து வந்தாள். காயங்கள் ஆறின. ஆனால் அதன் பிறகு அவளால் எந்த வாகனத்திலும் ஏற முடியவில்லை. பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலை வைப்பாள். மற்றக் கால் தெருவை விட்டு எழும்பாது. கொண்டக்டர் கத்துவான், பஸ் போய்விடும். ஓட்டோவும் அப்படித்தான், ரயிலும் அப்படித்தான். கொட்டாஞ்சேனைக்குள் எங்கே வேண்டுமானாலும் நடப்பாள். ஆனால் அவளுடைய ஒரே அக்கா வெள்ளவத்தையில், பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்தா. அக்காவின் மகள் நாள் தவறாமல் தொலைபேசியில் அழைப்பாள். "சின்னம்மா, அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறா. டொக்டர்மார் இனிக் கனநாள் இல்லையெண்டு சொல்லுகினம்." மனைவி ரிசீவரை வலக்காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வாறன் பிள்ளை, வாறன்" என்பாள். வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நடந்து போக முடியாத தூரம். அக்காவைத் தூக்கிவரவும் முடியாது.

சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் சிஸ்டர் இந்த முறையைப் படித்திருந்தார். மன்னார்ப் பக்கத்துப் பெண். வயதில் என் மகளாக இருக்கலாம். விரலை ஆட்டுவதால் எப்படி நோய் போகும் என்று நான் கேட்டேன். "எனக்கும் முழுக்கத் தெரியாது ஐயா. பயந்த நினைவு பழசாகாமல் அப்பிடியே இறுகிப்போய் நிக்குதாம். அதை நினைச்சுக்கொண்டு கண் அங்கால இங்கால ஓடேக்க, மெல்ல மெல்ல இளகுதாம். நான் செய்து பார்த்த ஆக்கள் கனபேருக்குச் சரிவந்திருக்கு." கனபேர் என்றால் எத்தனை பேர் என்று கேட்டேன். சிஸ்டர் சிரித்தார். மனைவி என் காலில் மிதித்தாள்.

முதல் நாள் சரிவராததற்குக் காரணத்தைச் சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். "அம்மா, நீங்கள் விரலைப் பார்க்கேல்லை. என்ர சிலுவையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீங்கள்." அது உண்மை. கொழும்பில் இருந்த தமிழர் எல்லாருக்கும் அந்தப் பழக்கத்தின் ஏதோ ஒரு வகை இருந்தது. செக்பொயின்ரில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு நிற்கும்போது கண்ணை ஓடவிடக் கூடாது. அங்கும் இங்கும் பார்த்தால் சந்தேகம். நிலத்தைப் பார்த்தால் அதைவிடச் சந்தேகம். முகத்தைப் பார்த்தால் திமிர். ஆமிக்காரனின் சட்டைப் பொத்தான்களில் மேலிருந்து இரண்டாவதைப் பார்த்துக்கொண்டு நில்லும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது எங்களைப் பல இடங்களில் காப்பாற்றியது. முன்னால் ஒருவர் வந்து நின்று கவனமாகப் பார்த்தால் அவளுடைய கண்கள் தாமாகவே ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும். சிஸ்டரின் அங்கியில் பொத்தான் இல்லை. அந்த இடத்தில் சிலுவை இருந்தது.

ஆனால் மனைவிக்குப் பின்னால் நாற்காலியில் இருந்த என் கண்கள் அந்த விரல்களோடு ஓடியிருக்க வேண்டும். ஓடாமல் எண்ண முடியாதே. அன்றிரவு நான் ஒருதரமும் எழும்பாமல் விடியும்வரை நித்திரை கொண்டேன். பல வருடங்களாக எனக்கு அப்படி நடந்ததில்லை. எனக்கு எந்த நினைவு இளகியது? நான் எதையும் நினைக்கவில்லையே, எண்ணிக்கொண்டுதானே இருந்தேன்? சிஸ்டரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமலே விட்டுவிட்டேன்.

அடுத்த செவ்வாய் சிஸ்டர் விரலை விட்டுவிட்டார். மனைவியின் இரண்டு கைகளையும் மடியில் வைக்கச் சொல்லி, புறங்கைகளை மாறிமாறித் தட்டினார். கண்ணுக்குப் பதிலாக இதுவும் செய்யலாமாம். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "அந்த நாளை நினைக்கேக்க இப்ப எவ்வளவு கஷ்டமா இருக்கு? ஒண்டுமில்லையெண்டால் பூச்சியம், தாங்கேலாதெண்டால் பத்து." மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உந்தக் கணக்கெல்லாம் இவருக்குத்தான் சிஸ்டர் தெரியும். நான் அரிசி அளக்கிற மாதிரிச் சொல்லட்டே?"

"சொல்லுங்கோ அம்மா."

"ஒரு கொத்து. தலை வழிக்காமல்."

சிஸ்டர் மறுப்பில்லாமல் தலையாட்டினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நாலு சுண்டு ஒரு கொத்து. கொத்து பத்து என்றால் சுண்டு இரண்டரை. ஆனால் தலை வழிக்காமல் குவித்து அளந்தால் அது பத்தைத் தாண்டிவிடுமே, பத்துக்கு மேல் இடமில்லையே என்று சொன்னேன். "ஐயா, நீங்கள் வெளியில கொஞ்சம் காத்து வாங்குங்கோவன்" என்றார் சிஸ்டர். "இருக்கட்டும் சிஸ்டர். இவர் வெளியில நிண்டால் மழைத்துளியை எண்ணுவார்" என்றாள் மனைவி. அவள் பகிடி விட்டு அதிக காலமாகியிருந்தது.

நாலாவது செவ்வாய்தான் அது வந்தது. தட்டிக்கொண்டிருந்த சிஸ்டர் கையை நிறுத்தி, "இப்ப என்ன வருது?" என்று வழக்கம்போலக் கேட்டார். மனைவி, "வாடிவென்ன அக்கே" என்றாள். உட்காருங்கள் அக்கா என்று சிங்களத்தில். அதைத் தன் குரலில் அல்ல, வேறு யாருடையவோ குரலில் சொன்னாள். பஸ்ஸில் அவள் நின்றுகொண்டு வந்தாளாம். ஜன்னலோரம் இருந்த சிங்களப் பெண் ஒருத்தி, இவள் கையிலிருந்த பாரமான பையைக் கண்டு இரங்கி, எழுந்து இடம் கொடுத்தாளாம். இவள் உட்கார்ந்தாள், அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு தரிப்பிடம் கழித்து வெடித்தபோது, வந்ததையெல்லாம் அவள் உடம்பு வாங்கிக்கொண்டது. "என்னை அக்கா எண்டு கூப்பிட்டவள் சிஸ்டர். நான் இருந்தனான். அவள் நிண்டவள்."

அந்த நாளைப் பற்றி நான் எவ்வளவோ அறிந்து வைத்திருந்தேன். பஸ்ஸின் இலக்கம், வெடித்த நேரம், ஆஸ்பத்திரியில் அவளுக்குப் போட்ட தையல்கள். அவள் பயப்படுவது புகைக்கும் சத்தத்துக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒரு பெண் இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. ஒரே கட்டிலில்தான் படுத்தோம். சிஸ்டர் கண்ணீரைத் துடைக்கச் சொல்லவில்லை. மறுபடி தட்டத் தொடங்கினார். அன்று நான் எண்ணவில்லை, அல்லது எண்ணியது நினைவில்லை. இரண்டில் எது என்றுகூட இப்போது தெரியவில்லை.

அதன் பிறகு கொத்து இறங்கியது. மூன்று சுண்டு, பிறகு ஒன்றரை. ஒரு செவ்வாய், "அரைச் சுண்டு, அவ்வளவுதான். இனி அது போகாது, போகவும் தேவையில்லை" என்றாள். மறுநாள் காலை சேலையை மாற்றிக்கொண்டு, "இஞ்சேருங்கோ, வெளிக்கிடுங்கோ. அக்காட்டப் போவம்" என்றாள்.

மிதிபலகையில் ஒரு காலை வைத்தாள். மற்றக் காலும் ஏறியது. கோட்டையில் இறங்கி, காலி வீதியால் போகிற பஸ்ஸுக்கு மாறினோம். அது முக்கால்வாசி வெறுமையாக இருந்தது. நான் முழங்கால் வருத்தக்காரன், உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். "இடம் கிடக்குத்தானே, இரும்" என்றேன். "நீங்கள் இருங்கோ" என்றாள். கொள்ளுப்பிட்டியில் சனம் ஏறியது. பின்னால் நின்ற ஒருவன், "அங்கள், நோனாட்ட இட தென்ன" என்று, அம்மாவுக்கு இடம் கொடுக்கும்படி எனக்குப் புத்தி சொன்னான். மனைவியை நிற்கவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கிழவனாம் நான். எழுந்து நின்றேன். அந்த வெறும் இடத்தை அவள் குழந்தையோடு நின்ற ஒருத்திக்குக் காட்டி, "வாடிவென்ன நங்கி" என்றாள். நங்கி என்றால் தங்கச்சி. பம்பலப்பிட்டி செக்பொயின்ரில் ஆமிக்காரன் ஏறியபோது அவளைப் பார்த்தேன். கண் அசையவில்லை. பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா வாசலைப் பார்த்தபடிதான் கிடந்தா. வாய் ஒருபக்கம் இழுத்திருந்தாலும் பேச்சு விளங்கியது.

"எதில வந்தனி?"

"பஸ்ஸில அக்கா."

"இருந்து வந்தனியோ?"

"இல்லை. நிண்டுதான்."

அக்கா நல்ல கையால் படுக்கையில் தட்டினா. "அப்ப இதில இரு." அவள் இருந்தாள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அக்கா மாசி வரை இருந்தா. அதுவரை வாரம் தவறாமல் போனோம். ஒவ்வொரு தரமும் அவள் நின்றபடியே போனாள், நின்றபடியே வந்தாள். இதற்குப் பெயர் சுகமானதா, சுகமாகாததா என்று சிஸ்டரிடம் கேட்டேன். "போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவதானே ஐயா" என்றார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை. திரும்பக் கேட்பதற்குள் அவரை ஹெந்தளைப் பக்கத்து மடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மனைவியும் இப்போது இல்லை. அவள் சாகும்வரை எந்தப் பஸ்ஸிலும் உட்காரவில்லை.

போன கிழமை பஸ்ஸில் ஒரு பெண்பிள்ளை என்னைக் கண்டதும் எழுந்து, "வாடிவென்ன சீயா" என்றாள். அவளுக்கு நான் தாத்தா. என் முழங்கால் உட்காரச் சொன்னது. உட்காரலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தேன், அவள் பிடித்திருந்த கம்பியைப் பார்த்தேன், மறுபடி முகம், மறுபடி கம்பி. என் கண்கள் சிஸ்டரின் இரண்டு விரல்களுக்குப் பின்னால் போவதுபோல அங்கும் இங்கும் ஓடின. பஸ் குலுங்கியது, உட்கார்ந்துவிட்டேன். என் தரிப்பிடம் வரும்வரை அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் பாவம், என்ன நினைத்தாளோ.

சிஸ்டர் எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. ஆகவே செலவென்று எழுத வேண்டியது பஸ் காசு மட்டும்தான். ஒருவருக்குப் போகவர நாற்பத்தெட்டு ரூபாய், வெள்ளவத்தைக்குப் பதினேழு பயணம். என் பங்கைச் சேர்க்கவில்லை. நான் பாதி வழியாவது உட்கார்ந்து போனவன். அவள் ஒருநாளும் உட்காராத ஆசனத்துக்கு நான் கொடுத்தது எண்ணூற்றுப் பதினாறு ரூபாய்.