ஆம்புலன்ஸில் கடல் பார்க்கப் போனவர்கள்

கடலூர்க் கடற்கரையிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தூரத்தில் அம்மா முப்பத்தைந்து வருடம் குடியிருந்தாள். அந்த முப்பத்தைந்து வருடத்தில் கடலைப் பார்த்தது ஏழெட்டு முறைதான் இருக்கும். அப்பாவுக்கு நிலக்கரி மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. அவருக்கு ஓய்வு வரும் நாளில் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், எங்களுக்கு விடுமுறையென்றால் அவர் மண் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றிருப்பார். "ரிட்டயர் ஆவட்டும், கன்னியாகுமரி வரைக்கும் கடலோரமாவே கூட்டிக்கினு போறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அம்மா அதை நம்பினாள்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டிய வீட்டுக்குப் போனார்கள். ஒரு மாதத்துக்குள் அப்பா பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே பலகைக் கட்டில், சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவரே பொருத்தினார். அம்மா பூப்போட்ட திரை தைத்தாள். எதிர்வீட்டு அம்மா தினமும் கேட்பாள், "இன்னாக்கா, யாருக்கு சீரியஸ்?"

"எனக்குத்தான்டி. கடலப் பாக்காம உசுரு போவாதாம்" என்பாள் அம்மா.

ஓட்டுபவருக்கும் பின்கட்டுக்கும் நடுவில் தகரத் தடுப்பு இருந்தது. அதிலிருந்த சிறிய கண்ணாடியையும் அப்பா பாத்திர அலமாரி வைத்து மறைத்துவிட்டார். பெல்ட்டை ஓட்டுவதற்கு முன்னால் ஹாரன் அடித்து, மறுமுனையிலிருந்து பதில் வந்த பிறகுதான் ஸ்விட்சைத் தொடுவது அவருடைய வேலைப் பழக்கம். வண்டிக்கும் அதையே வைத்தார். அவர் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். பின்னால் இருப்பவர் தடுப்பில் இரண்டு முறை தட்டினால்தான் வண்டி நகரும்.

கோடை விடுமுறை என்பதால் என் மகளும் கூடப் போகிறேன் என்று அடம்பிடித்தாள். ஒன்பது வயது. எனக்கு மனமே இல்லை. என் கைப்பேசி எண்ணைப் பத்து முறை சொல்ல வைத்துத்தான் ஏற்றி அனுப்பினேன். நாகப்பட்டினம், கோடியக்கரை என்று ஒவ்வோர் ஊரிலிருந்தும் பேசினார்கள். அம்மாவின் குரல் அவ்வளவு உரக்க இருந்து நான் கேட்டதில்லை. "காலைல கண்ண முழிச்சா கதவுக்கு நேரா கடலுடி" என்றாள்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"பயந்துறாதீங்க. உங்க பிள்ள எங்கிட்டதான் இருக்கு. தொண்டி தாண்டி நுங்குக் கடை போட்டிருக்கேன். வண்டி இதை விட்டுட்டுப் போயிருச்சு."

உடனே அப்பாவை அழைத்தேன். "பாப்பா எங்கப்பா?"

"பின்னாடி ஆயாகூடத் தூங்கிக்கினு இருக்கும்மா" என்றார். பின்னணியில் காற்றின் சத்தம் கேட்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். நுங்கு சாப்பிட நிறுத்தியிருக்கிறார்கள். அம்மா முழங்கால் வீங்கியதால் பின்னால் படுத்துவிட்டாள். பிள்ளை முன்னால் தாத்தாவிடம் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். பிள்ளை பின்னால் பாட்டியிடம் போய்விட்டது என்று அப்பா நினைத்தார். பிள்ளையோ நுங்குக் கடைக் கொட்டகைக்குப் பின்னால் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா வழக்கம்போல் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அம்மா இரண்டு முறை தட்டினாள்.

நாற்பது நிமிடத்தில் திரும்பிப் போய்ப் பிள்ளையை ஏற்றிக்கொண்டார்கள். அவள் அழவேயில்லையாம். நான்தான் அடுப்பை அணைக்காமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். "உடனே திரும்பி வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அவர்கள் வந்து இறங்கியபோது வடக்குத்து வாசலில் நின்றிருந்தேன். அப்பா மகளின் பையை நீட்டினார். அதை வாங்காமல் தெருவே கேட்கக் கத்தினேன்.

"அத்தன பேரு வேல செய்யற எடத்துல பதில் கேட்டு பெல்ட் ஓட்டனீங்களே. மூணு பேரு இருக்கற வண்டில எண்ணத் தெரியலயா உங்களுக்கு?"

"தட்டனது நான்டி. என்னத் திட்டு" என்றாள் அம்மா.

அப்பா பையைப் படியில் வைத்தார். அதற்குள் பிள்ளையின் துணிகள் துவைத்து மடித்து அடுக்கியிருந்தன. "பாதியிலேயே வந்துட்டோம்மா" என்று என் மகள் அப்போதுதான் அழுதாள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னமும் தெரியாத எண் ஒளிர்ந்தால் முதலில் மகள் எங்கே என்று தேடுகிறேன். எதிர்வீட்டு அம்மா இப்போது கேலி செய்வதில்லை. "மிச்சத்தப் பாத்துட்டு வாங்க, நீங்க ரெண்டு பேரு மட்டும்" என்று நான் சொல்லியிருக்கலாம். பலமுறை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர்கள் வீட்டிலேயே இருக்கும்வரை எனக்கு நிம்மதி. அம்மாவும் ஒரே ஒரு முறைதான் பேச்செடுத்தாள். "கன்னியாகுமரில மூணு கடல் சேருமாமே." நான் சாம்பாருக்கு உப்பு பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் நான் வடக்குத்துக்குப் போயிருந்தபோது பண்ருட்டியிலிருந்து ஒருவர் வண்டியை விலைக்குப் பார்க்க வந்தார். டிபன் கடை போட வேண்டுமாம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கட்டிலைத் தட்டிப் பார்த்தார், திரையை விலக்கினார்.

"வண்டி நல்லா வச்சிருக்கீங்களே. ஏங்க விக்கறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தது எனக்குத் தெரியும். விற்கவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே கிளம்பியிருப்பார்கள்.

"அவங்களுக்கு வயசாயிடுச்சிங்க" என்றேன்.

அப்பாவுக்கு அறுபத்தொன்று. வந்தவர் விலக்கிய திரையை இழுத்து மூடிவிட்டு, "ஆமாங்க, வயசாயிடுச்சி" என்றார்.