இரண்டாவது அண்டா

பள்ளி நாட்களில் கணக்குப் புத்தகத்தின் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இருபது சதவீதச் சர்க்கரைப் பாகைப் பத்து சதவீதமாக்க எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும் என்று கேட்பார்கள். இருபதில் பாதிதானே பத்து என்று நானும் பாதியளவு தண்ணீரைச் சேர்ப்பேன். கடைசிப் பக்கத்து விடை ஒருநாளும் ஒத்துவராது.

ஒரு ராமநவமியன்று, மலையாள தேசத்து வலியசாலையில் எங்கள் வீட்டில் அண்டா நிறையப் பானகம் கரைத்தோம். ருசி பார்த்த அக்கா என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"வெல்லம் நீ போட்டியாடி? நானும்னா போட்டுட்டேன்!"

"பாதியைக் கொட்டிட்டுத் தண்ணி விடுங்கோ" என்றார் அப்பா.

"சுவாமிக்குக் கரைச்சதைக் கொட்டறதாவது!" என்று அம்மா அண்டாவின் குறுக்கே நின்றாள்.

நான் அண்டாவையே பார்த்தேன். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போட்ட வெல்லம் அங்கேயேதான் இருக்கும். இனிப்பு பாதியாக வேண்டுமென்றால் பானகம் இரண்டு மடங்காக வேண்டும்!

"இன்னொரு அண்டாத் தண்ணி!" என்று கத்தினேன்.

எதிர்வீட்டு அண்டா வந்தது. பானகத்தில் பாதியை அதில் ஊற்றி, இரண்டையும் தண்ணீரால் நிரப்பினோம். ருசி கச்சிதம். தெருவே வந்து குடித்தும் தீராமல், வழியில் போன வண்டிக்காரரையும் கூப்பிட்டோம். "மதி, மதி" என்று மலையாளத்தில் அவர் போதும் சொல்லும்வரை வார்த்தேன். குடித்த ஒருவரும் என் கணக்கைக் கேட்காமல் தப்பவில்லை.

மறுநாள் புத்தகக் கணக்கும் சரியாக வந்தது. ஆனாலும் கோபம் தீரவில்லை. அந்த இரண்டாவது அண்டாவை யார் வீட்டில் இரவல் வாங்குவதென்று புத்தகத்தில் ஒரு வார்த்தை இல்லையே!