மிஷினுக்கு வைத்த பொட்டு

மங்கலம் தன் புது அறுவடை மிஷினுக்குப் பொட்டு வைத்தாள்; மிஷினுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது. காட்டுமன்னார்கோயில் பக்கம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிக்காத ஆள் கிடைக்கமாட்டார். ஆனால் அது நடந்த காணும் பொங்கல் காலையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கிழக்கே கடல் பக்கத்திலிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாய்க்கால் ஓரத்தில் சவரியம்மாளின் நெல் முற்றி, தலை சாய்ந்து, அறுத்துவிடு அறுத்துவிடு என்று கிடந்தது. சாய்ந்த நெல்லில் மழை விழுந்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும். அப்புறம் அது மாட்டுக்குக்கூட உதவாது.

மங்கலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது நெல்லிக்குப்பத்தில், கரும்பு விவசாயி வீட்டில். பிறந்தபோது இவள் அழவில்லை, ஹாரன் அடித்தாள் என்று அவளுடைய அத்தை சொல்வார். நான் அதை முழுசாக நம்புகிறேன். பாவாடை சட்டை போட்ட வயதிலேயே கரும்பு டிராக்டரைச் சர்க்கரை ஆலைக்கு ஓட்டிப்போய், முன்னால் போகிற மாட்டு வண்டிகளையெல்லாம் ஓரங்கட்டியவள். சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் சரித்திரம் படித்துப் பட்டமும் வாங்கினாள். கட்டிக்கொண்டது காட்டுமன்னார்கோயில் பழனிவேலை. அரிசி ஆலையில் வேலை பார்க்கும் சாது. அவர் பேச வேண்டியதையும் சேர்த்து இவளே பேசிவிடுவதால், அவருடைய தொண்டை வாங்கிய நாள் மாதிரியே புதிதாக இருக்கிறது.

படித்தவள் என்பதால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிலும் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்ப்பாள். ஒருமுறை கடலூரில் புது போன் வாங்கினாள். டார்ச் அடிக்கலாம் என்று விரலை வைத்தால், உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி தருகிறீர்களா என்று கேட்டிருக்கிறது.

“வெளிச்சம் காட்டறதுக்கு என் சொந்தக்காரங்க நம்பரு எதுக்குங்க?” என்று கடைக்காரரைக் கேட்டாள்.

“எல்லாரும் ஓகே குடுத்துடுவாங்கம்மா. நீங்களும் குடுத்துட்டுப் போங்க.”

“எங்க மாமியார் நம்பரும் அதுலதான் இருக்குது. அவுங்ககிட்ட ஒருதரம் பேசிச்சுன்னா, இனிமே யார் நம்பரையும் கேக்காது.”

அதோடு விட்டாளா? நிபந்தனைகள் என்று போட்டிருந்ததை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அவள் உட்காரும்போது கடைக்காரருக்குக் கறுப்பு மீசை, எழுந்திருக்கும்போது நரைத்திருந்தது என்று கேள்வி.

அப்படிப்பட்டவள் போன மார்கழியில் சொந்தமாக அறுவடை மிஷின் வாங்கினாள். அதற்குக் கொடுத்த தாள்களையும் வரி விடாமல் படித்தாள்; கேமரா, பூட்டு என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. தைப் பொங்கல் கழிந்ததும் முதல் அறுப்பு சவரியம்மாள் வயலில்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். சவரியம்மாள் அடுத்த தெரு. கணவர் போனபிறகு தனியாக நின்று விவசாயம் பார்க்கிறவர். அந்த ஒரு வயலைத்தான் வருஷம் பூராவும் நம்பியிருந்தார். பக்கத்து ஊர் மிஷின் எதுவும் அன்றைக்கு ஓய்வாக இல்லை. காணும் பொங்கலில் கையறுப்புக்கு ஆள் தேடுவதும் கானலில் மீன் பிடிப்பதும் ஒன்று.

காலையில் வயலை ஒட்டிய பொங்கல் திடலில் மிஷினைக் குளிப்பாட்டினார்கள். மாட்டுப் பொங்கலுக்குக் கட்டி மிச்சமிருந்த மாலையைப் போட்டார்கள். சக்கரச் சங்கிலிக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சவரியம்மாள் மாதா கோயிலில் இருந்து கொண்டுவந்த மந்திரித்த தண்ணீரை நாலு பக்கமும் தெளித்தார். மங்கலம் சந்தனக் கிண்ணத்தோடு மேலே ஏறினாள். ஓட்டுகிற இருக்கைக்கு எதிரே நெற்றி மாதிரி ஒரு தகடு. அதன் நட்டநடுவில் மிளகு அளவில் ஒரு கண்ணாடி. பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் இடம் விட்டுக் கொடுத்தது போல இருந்தது. எந்தத் தமிழச்சிக்குத்தான் கை சும்மா இருக்கும்? குழைத்த சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தாள்.

அதுதான் கேமரா. ஓட்டுகிறவர் தூங்குகிறாரா, விழித்திருக்கிறாரா என்று பார்க்கிற கண்.

சாவியைத் திருகினாள். ஓட்டுநர் முகம் தெரியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினாள். தெரியவில்லை. தலையை வாரிக்கொண்டு திருகினாள். அவ்வளவுதான், திரை சிவந்துபோய், மிஷின் பூட்டப்பட்டது, அங்கீகரிக்கப்பட்ட சேவையாளரை அழைக்கவும் என்றது.

“உன் சந்தனந்தான்டி கண்ண மறைச்சிடுச்சி!” என்றார் சவரியம்மாள்.

“ஏன், நீங்க தெளிச்ச தண்ணி உள்ள போயிருக்காதாக்கா?”

“மந்திரிச்ச தண்ணி பேயத்தான் வெரட்டும். மிஷின வெரட்டாது.”

பொட்டைத் துடைத்து, கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் பளபளவென்று தேய்த்தாயிற்று. மிஷினோ கோபித்துக்கொண்ட மருமகன் மாதிரி உம்மென்று நின்றது.

மங்கலம் கூப்பிட, சிதம்பரத்திலிருந்து மெக்கானிக் ராஜ்கமல் பைக்கில் பறந்து வந்தான்; கம்பெனி ஆள் இல்லை, தெரிந்த பையன். அவன் பைக் அன்று தரையைத் தொடவே இல்லை என்பது என் கணக்கு. திறந்து பார்த்தான், தட்டிப் பார்த்தான், மடிக்கணினியைச் சொருகிப் பார்த்தான்.

“அக்கா, இஞ்சினு தங்கம். கேமராவும் இப்ப நல்லாத்தான் பாக்குது. பூட்டு சாஃப்ட்வேர்ல இருக்குது. கம்பெனி ரகசிய கோடு நம்பரு போட்டாத்தான் தொறக்கும்.”

“நீ தொறக்கமாட்டியா?”

“பூட்டச் சுத்தி வேற வழியா ஒயரு குடுத்து ஓட்டிடலாம். ஆனா அந்தப் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கி வச்சிருக்கானாம். தொட்டா திருட்டும்பான். வாரண்டியும் போயிடும். உங்க இஷ்டம்.”

மங்கலம் கிழக்கே பார்த்தாள். கறுப்பு இப்போது பனைமர உயரத்துக்கு இறங்கியிருந்தது. சவரியம்மாள் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார்.

“என் வூட்டுக்குள்ள நானே ஏன்டா ஜன்னல ஒடச்சிக்கிட்டுப் போவணும்?” என்றாள் மங்கலம். “வாசக்கதவு சாவிய வாங்கறேன் இரு.”

கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். பழுதுக்கு ஐந்தை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிவிட்டு ஒரு பிடில் வாசிக்க ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை. காத்திருந்து காத்திருந்து, பிடில் நின்று லைனும் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டாள். மறுபடி பிடில்.

அப்போதுதான் அவள் கண் மேலே போனது. பொங்கலுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் வேப்ப மரத்திலும், தண்ணீர்த் தொட்டியிலும், கம்பங்களிலும் இன்னும் அப்படியே தொங்கின. மைக்செட் சாமிக்கண்ணு அங்கேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பழனிவேலின் அக்காள் கணவர், மங்கலத்துக்கு அண்ணன் முறை.

“அண்ணே, மைக்கு உயிரோட இருக்குதா?”

“சாயங்காலம் கயிறு இழுக்கற போட்டிக்கு வச்சிருக்கறேன். ஏம்மா?”

“இங்க புடிங்க.”

போனை மைக்கின் வாயில் வைத்தாள். ஐயோ, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஊர் முழுக்கப் பிடில்! உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று வேப்ப மரம் சொல்ல, முக்கியம் என்று தண்ணீர்த் தொட்டி திருப்பிச் சொல்ல, வீராணம் ஏரியிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தன. காணும் பொங்கலுக்குப் புதுத்துணி போட்டிருந்த சனம் மொத்தமும் வயலுக்கு வந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்களும் கரும்பைக் கடித்துக்கொண்டே வந்தார்கள்.

பிடில் நின்றது. “வணக்கம், நான் அறிவுமதி பேசறேன். உங்களுக்கு எப்படி உதவட்டும்?” என்று ஒரு பையன் குரல் நாலு திசையிலும் முழங்கியது.

“வணக்கம் தம்பி, நல்லா இருக்கியா? பொங்கலன்னிக்கும் டூட்டியா?”

“ஆமா மேடம்.” குரல் கொஞ்சம் தடுமாறியது. அந்த நம்பரில் யாரும் நலம் விசாரித்திருக்கமாட்டார்கள்.

மங்கலம் நடந்ததைச் சொன்னாள். பொட்டு வைத்ததையும் மறைக்கவில்லை. அவன் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, “சேவையாளர் விடுமுறை முடிஞ்சி வேலை நாள்ல வருவார் மேடம்” என்றான்.

“மழைக்கு விடுமுறை இல்லியே தம்பி. மிஷினு ஒழுங்கா இருக்குது. பூட்ட மட்டும் எடு.”

“அது முடியாது மேடம். மிஷினுக்கு உரிமையாளர் நீங்கதான். ஆனா உள்ள இருக்கிற மென்பொருள் கம்பெனியோடது. அதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி மட்டும்தான் கொடுத்திருக்கோம்.”

மங்கலம் இடுப்பில் கை வைத்தாள்.

“அப்ப நீ எனக்கு மாட்ட வித்துட்டு, மூக்கணாங்கயித்த மட்டும் கையில புடிச்சிக்கிட்டு உன் ஊர்லயே உக்காந்திருக்கியா?”

ஊரே ஹோவென்று கத்தியது. விசில் பறந்தது. மாட்டுக் கொம்பில் கட்டிய பலூன்கள் வெடித்தன, அவை சத்தத்தாலேயே வெடித்தன என்றுதான் சொல்வேன்.

“மேடம்... பின்னாடி என்ன சத்தம்?”

“ஊரு.”

“ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?”

“நீ பேசறது ஏரிக்கர வரைக்கும் கேக்குது தம்பி. தெளிவா பேசற. நல்ல தமிழு.”

“ஒரு நிமிஷம் மேடம், மேலதிகாரிகிட்ட...” மறுபடி பிடில்.

பிடில் வாசிக்கிற நேரத்தைச் சாமிக்கண்ணு வீணாக்குவாரா? இன்னொரு மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, தொண்டையைச் செருமினார். “அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! நெல் அறுக்கும் மிஷின் வாங்க உத்தேசித்திருக்கும் உழவர் பெருமக்களே! மேற்படி கம்பெனியின் மிஷினை வாங்குவோர் இரும்பை மட்டுமே வீட்டுக்கு ஓட்டிவரலாம் என்றும், அதனுடைய மூளை பட்டணத்திலேயே பத்திரமாக இருக்கும் என்றும் அன்போடு அறிவிக்கப்படுகிறது!” கம்பெனியின் பெயரை அவர் ராகம் போட்டு, திருவிழாவில் உபயதாரர் பெயரைச் சொல்வது போல, திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டத்தில் மிஷின் வாங்க வங்கிக்கு அலைந்துகொண்டிருந்த நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிடில் பாதியில் அறுந்தது. “மேடம், நான் மேனேஜர் பேசறேன். முதல்ல அந்த அறிவிப்பை நிறுத்தச் சொல்லுங்க.”

“முதல்ல நீங்க பூட்ட எடுங்க. அதுவா நின்னுரும்.”

கம்பிக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு, வேப்பிலைகள் ஆடின. “விதிவிலக்கா ஒரு கோட் தர்றேன். ஒரு ஓட்டத்துக்கு மட்டும்தான். இன்ஜினை நிறுத்தினாலோ, நீங்க சீட்டைவிட்டு எழுந்தாலோ திரும்பப் பூட்டிக்கும். அதுக்கப்புறம் சேவையாளர் வந்துதான் ஆகணும்.”

“சொல்லுங்க.”

அவர் எழுத்தும் எண்ணுமாகச் சொல்ல, ஊரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலத் திருப்பிச் சொல்ல, ராஜ்கமல் திரையில் தட்டினான். சிவப்பு பச்சையானது. மங்கலம் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். மிஷின் உறுமியது! சவரியம்மாள் ஜெபமாலையோடு மங்கலத்தை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“என்னக் கும்பிடாதிங்கக்கா, ஓரமா நில்லுங்க!”

சாய்ந்த நெல்லுக்குள் மிஷின் இறங்கியது. கதிரை வாரி விழுங்கி, வைக்கோலைப் பின்னால் துப்பி, ஓரத்தில் நின்ற டிப்பரில் நெல்லைக் கொட்டியது. சவரியம்மாளின் வயல் முடிந்தது. அடுத்த வயல்காரர் வரப்பில் நின்றார். வானத்தைப் பார்த்தார், மங்கலத்தைப் பார்த்தார். நிறுத்தினால் பூட்டிக்கொள்ளும் மிஷினை எதற்கு நிறுத்துவது? நேராக அவர் வயலுக்குள் விட்டாள். அப்புறம் அதற்கடுத்த வயல்.

ஓடுகிற மிஷினோடு கூடவே ஓடி, பழனிவேல் சோற்றுத் தூக்கை எட்டி நீட்டினார். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் புளிச்சோறு. டின்னிலிருந்து டீசலை ராஜ்கமல் ஓட்டத்திலேயே ஊற்றினான். அந்த நேரத்தில் ஊரில் ஒருவரும் பீடி பற்றவைக்கக்கூடாது என்று சாமிக்கண்ணு மைக்கில் ஆணையிட்டார். தண்ணீர் நீட்டினால் மட்டும் மங்கலம் வாங்கவில்லை. எழுந்திருக்கவே கூடாது என்றால் ஒரு பெண்பிள்ளை ஏன் தண்ணீர் குடிக்கமாட்டாள் என்பதை நான் விளக்கப் போவதில்லை.

கயிறு இழுக்கும் போட்டி நடக்கவில்லை. அந்தக் கயிற்றில்தான் தார்ப்பாயைக் கட்டினார்கள். ஆண், பெண், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை என்று வித்தியாசமில்லாமல் புதுத்துணியோடு எல்லாரும் நெல்லை அள்ளினார்கள்.

பொழுது சாயுமுன் வாய்க்கால் ஓரத்தில் நின்ற நெல்லெல்லாம் தார்ப்பாய்க்குள் போய்விட்டது. கடைசி மூலையை மிஷின் திரும்பும்போது முதல் துளி விழுந்தது. துளியா அது, கொட்டைப்பாக்கு! சவரியம்மாள் தார்ப்பாய்க்கடியில் கைவிட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து வந்து, மழையில் நனையாமல் பொத்திக்கொண்டு, அண்ணாந்து காட்டினார்.

“காஞ்சிருக்குதுடி மங்கலம்! அப்பிடியே காஞ்சிருக்குது!”

மங்கலம் மிஷினை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். மழை அவள் தலையில் வழிந்தது. சாவியைத் திருகினாள். உறுமல் அடங்கியது. திரை சிவந்து, மிஷின் பூட்டப்பட்டது என்று எழுதிக் காட்டியது. அவள் அதன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

“பூட்டிக்கோ. இப்பத் தாராளமா பூட்டிக்கிட்டு உக்காரு” என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.