செடி குடித்த தண்ணீர்

உபதேசியாருக்குத் தாழ்மை என்றால் உயிர். நாற்பது வருஷம் அந்தச் சின்னத் தேவாலயத்தில் ஊழியம் பார்த்தவர். தானே கூட்டுவார், பெஞ்சுகளைத் தானே துடைப்பார், பின்பக்கக் கழிப்பறையைக்கூட வேறு யாரையும் கழுவ விட்டதில்லை. "நீங்க எதுக்கு ஐயா?" என்று யாராவது துடைப்பத்துக்குக் கை நீட்டினால் போதும், மனுஷருக்கு மூக்கு விடைத்துவிடும். "கடவுளே எறங்கி வந்து சீஷங்க காலைக் கழுவினாரு. எனக்கு மட்டும் என்ன கொம்பா மொளைச்சிருக்கு?" என்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அதை மறக்காமல் சொல்லியும் விடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷர்தான். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் அங்கே ஒரு வாய் காப்பி வாங்கிக் குடித்ததில்லை. கொடுத்துப் பழகிய கைக்கு வாங்கத் தெரியவில்லை. அதையும் தாழ்மை என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எழுபத்தெட்டாவது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு போய்விட்டது. அறுவைச் சிகிச்சையை இதயம் தாங்காது, மூன்று மாதம் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னலோரம் ஒரு இரும்புக் கட்டில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்டூல், ஜன்னல் திட்டில் மகள் வளர்த்த தொட்டிச் செடி. அவ்வளவுதான் இனி அவருடைய உலகம்.

மகளுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர் வேலை. அவளுக்கு அப்பாவை விட்டால் யாரும் இல்லை, அவருக்கும் அவளை விட்டால் யாரும் இல்லை. காலையும் மாலையும் வந்து அப்பாவைச் சுத்தம் செய்ய ஓர் ஆளை அமர்த்தியிருந்தாள். அந்த ஆள் வேலையை முடிக்கும்வரை உபதேசியார் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பார். சம்பளத்துக்குச் செய்கிறான், போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்வார்.

அந்த ஆளுக்குக் குழந்தை பிறந்தது. பத்து நாள் லீவு.

"நான் மத்தியானத்தோட வந்துடறேன்பா. எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்" என்றாள் மகள்.

உபதேசியார் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டார். உள்ளே போனால்தானே வெளியே வரும்? அவள் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போகும் தண்ணீர், பால், சூப், எல்லாவற்றையும் அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் எட்டித் தொட்டிக்குள் ஊற்றினார். காலி டம்ளரைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

நாலாம் நாள் மத்தியானம் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பேச்சு குழறியது. மகள் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வந்து தோலைக் கிள்ளிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"உடம்புல தண்ணியே இல்லையேம்மா. குடிக்கிறாரா இல்லையா?"

"டம்ளர் டம்ளரா குடிக்கிறாரே டாக்டர்!"

"எங்கேயோ தப்பு இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கா குடிச்சாகணும். இல்லைன்னா கிட்னி நின்னுடும், ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கணும். இந்த இதயத்தோட போனா திரும்பி வருவாருன்னு என்னால சொல்ல முடியாது."

டாக்டர் போன பிறகுதான் அவள் எறும்பு வரிசையைப் பார்த்தாள். சுவரேறி, ஜன்னல் திட்டேறி, நேராகத் தொட்டிக்குள் போனது. செடி அடியோடு அழுகிக் கிடந்தது. மண்ணில் புளித்த பால் வாடை குப்பென்று அடித்தது.

"எல்லாத்தையும் இதுலயாப்பா ஊத்துனீங்க?"

உபதேசியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சாகப் பாக்குறீங்களா? நான் என்ன பாவம் பண்ணேன்?"

"உனக்குப் பாரமா இருக்கக் கூடாதும்மா."

"பாரமா? ஒரு நாளைக்கு முன்னூறு படுக்கை விரிப்பு என் கைக்கு வருது. யாரோ எவரோ பண்ண அசிங்கம். மூஞ்சி சுளிக்காம பாக்குறேன். பெத்த அப்பாவைத் தொட்டுத் துடைக்க மட்டும் எனக்குக் கை கூசுமா?"

"நீ என் பொண்ணு. நீ பாக்கக் கூடாது."

அவள் டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள். கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் கழுத்து வழியாகத் தலையணைக்குள் இறங்கியது. கெஞ்சினாள், திட்டினாள், கும்பிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் வாய்விட்டு அழுதாள்.

அவருக்கு அது கேட்டது. எத்தனை வீட்டில் அழுதவர்களுக்கு ஆறுதல் சொன்ன வாய்! பத்தடி தூரத்தில் பெற்ற மகள் அழுகிறாள், ஒருக்களித்துப் படுக்கக்கூட அவரால் முடியவில்லை. அழலாம் என்றால் கண்ணீரும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வயிற்றைக் கலக்கியது. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தார். ஆண்டவரே, இது மட்டும் வேண்டாம் என்று மன்றாடினார். எவ்வளவு நேரம்தான் பிடிக்க முடியும்? உடம்பு அவர் சொல்லைக் கேட்கவில்லை. நாற்றம் அறையெல்லாம் பரவியது. உபதேசியார் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மகள் வெந்நீர் வாளியோடு வந்து நின்றாள். உடனே தொட்டுவிடவில்லை.

"தொடவாப்பா?"

போர்வைக்குள் இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் அவருக்கு ஓர் எட்டு வயதுக் குரல் கேட்டது. அப்போது அவர் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்திக்கொண்டிருந்தார். வானத்தையும் பூமியையும் படைத்தவர் நமக்காகக் கைக்குழந்தையாக வந்தார் என்று உருகிச் சொல்லிக்கொண்டிருந்தபோது இவள் கையைத் தூக்கினாள். "அப்பா, குழந்தை இயேசு துணியிலேயே போயிட்டா யாரு கழுவி விட்டாங்க?" வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. "கடவுளைப் பத்திப் பேசுற பேச்சா இது?" என்று அவளைச் சுவரோரம் நிற்க வைத்தார். வகுப்பு முடியும்வரை நின்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் குழந்தை இயேசுவை அவர் பிரசங்கத்தில் அதிக நேரம் வைத்துக்கொண்டதே இல்லை. பிறந்த கையோடு வளர்த்து ஆளாக்கி, கால் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். ஆனால் கடவுள் வந்ததும் வராததுமாக யார் காலையும் கழுவிவிடவில்லையே! தலை நிற்காமல், புரளத் தெரியாமல், பசித்தால் அழுதுகொண்டு, இன்னொருத்தர் கையில் அல்லவா முதலில் கிடந்தார்? அவர் இறங்கிய படிகளில் அதுதான் எல்லாவற்றையும்விடக் கீழ்ப்படி. அதைத்தான் இவர் நாற்பது வருஷமாகத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார்.

போர்வை மெல்ல விலகியது.

"உன்னை ஒரு நாள் சுவத்தோரம் நிக்க வெச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? காலு ரெண்டும் மரத்துப்போச்சு."

"அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதிலே சொல்லலை."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அவங்கம்மாதான் கழுவியிருப்பாங்க. வேற யாரு?" உபதேசியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அவரு வேண்டாம்னு சொல்லலைம்மா."

சொல்லிவிட்டு, அடிபடாத காலின் முழங்காலை மெதுவாக மடக்கித் தூக்கினார். முடிந்தது அவ்வளவுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அவள் துணியை நனைத்துப் பிழிந்து, அவசரமில்லாமல் துடைத்தாள். விரிப்பை மாற்றினாள், கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"அப்போ, இனிமே நான் உக்காரலாமாப்பா?"

அவர் கட்டிலின் ஓரத்தைக் கையால் தட்டிக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள்.

"தண்ணி குடும்மா" என்றார்.