ஊர்சின் வாசிக்கும் இடம்

பேய் என்றால் நடுராத்திரி, அமாவாசை, நாய் ஊளை என்று நினைப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை, மதியம் இரண்டேகால் மணிக்குத் தொடங்கியது. இடம் நியூ ஆர்லியன்ஸ், ஏழாவது வார்டு. கூட இருந்தவர்கள் இரண்டு பேர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அன்று யாரும் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. நூமா என்பவருக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நூமாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஹூஸ்டனில் டவுன் பஸ் ஓட்டுகிறார். அதற்குப் பத்து நாள் முன்பு பழைய நண்பர் க்ளோவிஸிடமிருந்து போன் வந்தது.

“டேய், செப்டம்பர் ரெண்டு, சனிக்கிழமை, ஃப்ரெஞ்ச்மென் தெருவுல ஒரு கிளப்பு. நம்ம பழைய பாட்டையெல்லாம் கேக்குறானுங்க. வர்றியா, இல்ல பஸ் ஹாரனை அடிச்சே செத்துப்போறியா?”

ஒரு காலத்தில் அவர்கள் நான்கு பேர். டிரம்ஸில் க்ளோவிஸ், பாஸ் கித்தாரில் லியோன்டீன், ட்ராம்போனில் நூமா, ஆர்கனில் ஊர்சின். பாதி ஜாஸ், பாதி ஃபங்க். அவர்கள் வாசித்தால் கைத்தடி ஊன்றி வந்தவரும் இடுப்பை ஆட்டுவார். 2005இல் புயல் வந்தது, பின்னாலேயே வெள்ளம் வந்தது. ஊர்சின் தன் வீட்டிலேயே மூழ்கிப்போனார். பதினோரு நாள் கழித்துத்தான் உடலை எடுத்தார்கள். மற்ற மூவரும் திசைக்கொருவராகப் போனார்கள். பதினெட்டு வருஷம் மூவரும் சேர்ந்து ஒரு பாட்டுகூட வாசிக்கவில்லை.

எங்கே ஒத்திகை என்று க்ளோவிஸ் போனில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நூமா வந்திருக்கவே மாட்டார். ஊருக்குள் வந்த பிறகுதான் விலாசம் அனுப்பினார்.

அது ஊர்சினின் வீடு.

ஊர்சினின் தங்கை மகள் அதைப் புதுப்பித்து வாடகைக்கு விட வைத்திருந்தாள். ஒரு வாரம் காலியாக இருக்கும் என்று சாவியைக் கொடுத்திருந்தாள். சுவரெல்லாம் புது வெள்ளை. ஆர்கன் கிடையாது. வெள்ளம் வடிந்ததும் அது ஊறி உப்பித் தெருவோரக் குப்பையில் கிடந்ததை அந்தத் தெருவே பார்த்தது.

நூமா உள்ளே நுழைந்தபோது மணி 1:40. லியோன்டீன் கட்டிக்கொண்டார்.

“வா கண்ணு. முடியெல்லாம் எங்கடா?”

“ஹூஸ்டன்ல விட்டுட்டேன்.”

“ஒட்டடைக் குச்சி மாதிரி இருக்க. இன்னிக்குத் திங்கட்கிழமை. நம்ம ஊர் வழக்கப்படி செவப்பு பீன்ஸும் சோறும் கொண்டாந்திருக்கேன். முதல்ல சாப்பிடு.”

சாப்பிடும்போது க்ளோவிஸ் சொன்னார்: “ஆர்கனுக்கு வேற ஆள் போடல. அந்த இடம் காலியாவே இருக்கட்டும். மேடையில நானே சொல்லப்போறேன். ‘புயல் வருது, வேன்ல ஏறுடான்னு நூமா கூப்பிட்டான். ஆர்கனை விட்டுட்டு வரமாட்டேன்னுட்டான். அதோடயே போயிட்டான்’னு. ஜனங்க அழுதுடுவாங்க.”

அந்தக் கதையை முதலில் சொன்னது நூமாதான். தட்டை வைத்துவிட்டு எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

“உக்காருடா. குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தாத” என்றார் க்ளோவிஸ்.

மணி 2:15. முதல் பாட்டு. யாரோ எண்ணிக்கை கொடுத்தார்கள்.

“ஒன்... டூ... த்ரீ...”

டக்.

மூவரும் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். பதினெட்டு வருஷ இடைவெளி இருந்த இடம் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் லியோன்டீன் சிரித்தார்.

“பரவாயில்லையே க்ளோவிஸ், இன்னும் நல்லாத்தான் எண்ணுற.”

“நானா? நூமா எண்ணினான்னு நெனச்சேன்.”

நூமாவின் வாய் ட்ராம்போனில் இருந்தது. அவரால் எண்ணியிருக்க முடியாது. ‘நாலு’ என்று வாயால் சொல்லாமல் குதிகாலால் தரையில் தட்டுவது யார் பழக்கம் என்று மூவருக்கும் தெரியும்.

மணி 3:05. இரண்டாவது பாட்டு. இதில் ட்ராம்போன் முடிந்ததும் ஆர்கன் தனியாக வரும். ஆர்கன் இல்லாததால் நூமாவே தொடர்ந்து வாசிப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். அந்த இடம் வந்தது...

நூமா நிறுத்தினார். லியோன்டீனும் நிறுத்தினார். க்ளோவிஸும் நிறுத்தினார். வீடு நிசப்தமானது. பிறகு, மூவரும் ஒரே நொடியில் மறுபடி தொடங்கினார்கள். இம்மியும் பிசகவில்லை.

“ஏன்டா நிறுத்தின?”

“தெரியல. நீ ஏன் நிறுத்தின?”

லியோன்டீன் போனை எடுத்துப் பதிவு போட்டு வைத்தார். 3:20க்கு மறுபடி அதே பாட்டு. அதே இடம். மறுபடி மூவரும் நின்றார்கள், மறுபடி ஒன்றாகத் தொடங்கினார்கள். பதிவைப் போட்டுக் கேட்டார்கள். இடைவெளி 24 விநாடி.

மூன்றாவது முறை, 3:40க்கு. 51 விநாடி.

“நீண்டுக்கிட்டே போகுது” என்றார் லியோன்டீன்.

க்ளோவிஸ் சிரித்தார். “அவன் அப்படித்தான். தனியா வாசிக்க விட்டா முடிக்கவே மாட்டான்...”

என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சிரிப்பு பாதியில் செத்தது.

நூமா கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தார். கார் சாவி சட்டைப்பையில் இருந்தது. கால்தான் நகரவில்லை.

மணி 4:10. நான்காவது முறை.

அந்த இடம் வந்தது. நின்றது.

ஒரு நிமிஷம்...

க்ளோவிஸின் குச்சி அந்தரத்தில் நின்றது. லியோன்டீனின் விரல் கம்பிமேல் இருந்தது. கண் மட்டும் அசைந்தது.

மூன்று நிமிஷம்...

நூமா ஊத முயன்றார். மூச்சு வெளியே போகவில்லை. அவருடைய வலது கால் மட்டும் தாளம் போட்டது. அவர் போடவில்லை. அது போட்டது.

ஏழு நிமிஷம்...

ஆர்கன் இருந்த மூலையை அவர் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தெரிந்தது.

எட்டு...

“இடம் இருந்துச்சு!”

நூமா கத்திவிட்டார். ட்ராம்போன் கீழே விழுந்தது.

“வேன்ல இடம் இருந்துச்சு! அவன் வரமாட்டேன்னு சொல்லல. வாசல்ல வந்து நின்னான். ‘என்னையும் ஏத்திக்கடா’ன்னான். முன் சீட்டுல ஸ்பீக்கர் இருந்தது. இறக்கி வெச்சிருக்கலாம். புதுசுடா அது... ‘இதையெல்லாம் ஹூஸ்டன்ல போட்டுட்டு உடனே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்’னேன். அப்புறம் எங்க வர? ரோட்டையே மூடிட்டான்.”



“பதினெட்டு வருஷமா...” க்ளோவிஸ் குச்சியைக் கீழே வைத்தார். “நான் அந்தப் பொய்ய ஊரெல்லாம் அழுது அழுது சொல்லியிருக்கேன்டா.”

“அவங்க அம்மாகிட்டயும் அதையேதானே சொன்ன?” என்றார் லியோன்டீன்.

நூமா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அப்போது வாசல் வலைக்கதவு திறந்தது.

கிரீச்...

பட்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. கதவு மட்டும் லேசாக ஆடியது. சுவர்க் கடிகாரத்தில் மணி 4:31.

லியோன்டீன் கீழே கிடந்த ட்ராம்போனைக் காட்டினார். “எடுத்து வாசி.”

“எதை?”

“அதே பாட்டை.”

வாசித்தார்கள். இந்த முறை நிற்கவில்லை. நூமா அந்த இடத்தில் ஊதினார், பாட்டு நேராக ஓடி முடிந்தது. எண்ணிக்கையும் வரவில்லை. அறை வெறும் அறையாக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆறு மணிக்கு மூட்டை கட்டினார்கள். க்ளோவிஸ் முகம் கொடுக்கவில்லை. ஒன்றுதான் சொன்னார்: “சனிக்கிழமை மேடையில நான் பேசமாட்டேன். நீயே பேசு.”

வெளியே வெயில் இன்னும் காய்ந்தது. எதிர் வீட்டு வராந்தாவில் மிஸ் ஒடாலி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து வருஷம் முன்புதான் இந்தத் தெருவுக்குக் குடி வந்தவர். ஊர்சினைப் பார்த்ததே இல்லை.

“நல்லா வாசிச்சீங்கப்பா! அந்த ஆர்கன்காரரு யாரு? ஒரு தடவ பத்து நிமிஷம் விடாம வாசிச்சாரே, என் உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்புறம் என்ன சண்டை? நாலரை மணிக்கு வெளிய வந்துட்டாரு. ‘வண்டி வந்துடுச்சா?’ன்னு என்னைக் கேட்டாரு. இதோ நிக்குதேன்னு காட்டினேன். முன் சீட்டுல ஏறி உக்காந்தாரு. கண்ணாடிகூட இறக்கல, பாவம். இந்த வேக்காட்டுல.”

நூமாவின் காரை அவர் கையால் காட்டினார். அது பூட்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

“எப்படி இருந்தாரு?” என்றார் நூமா.

“ஒல்லியா, நெட்டையா. கக்கத்துல ஒரு தலையணை. வெள்ளை உறை போட்டது.”

நூமா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

புயலுக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்சின் தலையணையோடுதான் வாசலுக்கு வந்தார். எங்கே தூங்க நேருமோ என்று எடுத்து வைத்திருந்தார். இதை நூமா யாரிடமும் சொன்னதில்லை. சற்று முன் உள்ளே கத்தியபோதும் சொல்லவில்லை.

நூமா அன்று ஊரில் தங்குவதாக இருந்தது. தங்கவில்லை.

“எங்கடா போற?” என்றார் க்ளோவிஸ்.

“ஹூஸ்டனுக்கு. காலையில வந்துடுறேன்.”

க்ளோவிஸ் காரைப் பார்த்தார். முன் சீட்டைப் பார்த்தார். பிறகு விலகி வழிவிட்டார்.

மணி 6:25. நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒரு சத்தம்.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் மணி. நூமா பெல்ட் போட்டுத்தான் இருந்தார்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்தில் பார்க்காமல் கையை நீட்டினார். காலி சீட்டின் பெல்ட்டை இழுத்தார். மாட்டினார்.

க்ளிக்.

சத்தம் நின்றது.

ஐந்தரை மணி நேரம். ரேடியோ போடவில்லை. எங்கும் நிறுத்தவில்லை. பேசவும் இல்லை.

மணி 11:52. ஹூஸ்டன். புயல் வந்த வருஷம் வேனை நேராக ஓட்டி வந்து நிறுத்திய, அவருடைய அக்காவின் பழைய குடியிருப்பு. இறங்கினார். சுற்றிப் போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தார். பெல்ட்டைக் கழற்றினார்.

“வந்துட்டோம். இறங்குடா.”

ஒரு நிமிஷம் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு மெதுவாகச் சாத்தினார்.

திரும்பி வரும்போது மணி அடிக்கவில்லை.

சனிக்கிழமை மேடையில் நூமா எல்லாவற்றையும் சொன்னார். ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் எழுந்து போகவும் இல்லை. க்ளோவிஸ் இன்றுவரை அவரோடு வாசிக்கிறார். முன்போலப் பேசுவதில்லை.

அடுத்த வாரம் நூமா ஆயில் மாற்ற வண்டியை விட்டார். அந்தக் கோடையில்தான் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பழைய கார். அதுவரை அவர் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. போகிற போக்கில் மெக்கானிக்கிடம் சொன்னார்: “முன்னாடி அந்தப் பக்க சீட்டு, பெல்ட் மணி ஒரு தடவ சும்மாவே அடிச்சுது. கொஞ்சம் பாருங்க.”

மெக்கானிக் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

“எந்த மணி சார்? இந்த மாடல்ல டிரைவருக்கு மட்டும்தான் மணி. பக்கத்து சீட்டுக்குக் கிடையவே கிடையாது.”

சொல்லிவிட்டுச் சீட்டைக் கழற்றி, கவிழ்த்துக் காட்டினார்.

அடியில் ஒரு வயர்கூட இல்லை.