கடைமடையின் சைன் வளைவு

காலை ஆறு இருபது. வாசலைத் தாண்டியதும் முதலில் தெரிந்தது வாய்க்காலின் அடித்தரை. வெடித்த சேறு, அதில் இரண்டு கொக்குகள். தண்ணீர் இல்லை. மதகு நேற்றே திறந்தாயிற்று என்று அப்பாவின் கைபேசியில் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவின் செய்தி இருந்தது.

நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஒரு கிளை வாய்க்காலின் கடைசி ஊர் எங்களுடையது. அந்த ஆண்டு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள்: ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு, மறுபடி திறப்பு. "பேருதான் ஆறு நாளு, நமக்கு நாலுதான்" என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கணக்கு. மதகு திறந்து இரண்டு நாள் கழித்துத்தான் தண்ணீர் எங்களிடம் வந்து சேரும்.

எங்கள் மூன்று மா நிலத்தை, ஏறக்குறைய ஓர் ஏக்கரை, இந்தத் திறப்பிலேயே நட்டாக வேண்டும். நாற்று முற்றிக்கொண்டிருந்தது, அடுத்த திறப்பு வரை தாங்காது. நடவுப் பெண்களை மேல்மடை ஊர்க்காரர்கள் முன்பே பேசி வைத்திருந்தார்கள். மதகை அடைக்கிற நாள் ஒன்றுதான் அந்தப் பெண்களுக்கு ஓய்வு. அடைக்கிற நாளில் எங்கள் ஊரில் யாரும் நட்டதில்லை. அன்றோடு தண்ணீர் போய்விட்டது என்று எண்ணிக்கொள்வோம்.

அன்று பிளஸ் ஒன் வகுப்பில் காலமுறைச் சார்பு. டீச்சர் ஒரு சைன் வளைவு வரைந்தார். அதற்குக் கீழே அதே வளைவைச் சற்று வலப்பக்கம் தள்ளி வரைந்தார்.

"மேல உள்ளது ஒரு சுற்று முடிக்க ரெண்டு பை. கீழ உள்ளதுக்கு?"

"குறையும் டீச்சர்" என்று நான் எழுந்தேன். "லேட்டா ஆரம்பிக்குதுல்ல."

பக்கத்தில் இருந்த தோழி குரலை அடக்கவில்லை. "லேட்டா ஆரம்பிச்சா லேட்டாத்தான்டி முடியும். உங்க ஊரு பஸ்ஸு லேட்டா வந்துட்டு, கரெக்ட் டயத்துக்கா திரும்பிப் போவுது?"

வகுப்பே சிரித்தது, டீச்சரும்தான். நானும் சிரித்தேன், ஆனால் கண் பலகையில் இருந்தது. கீழ் வளைவு தாமதமாக ஏறுகிறது, தாமதமாகவே இறங்குகிறது. ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே உள்ள தூரம் இரண்டிலும் ஒன்றுதான். எங்கள் ஊர் கணக்கு எங்கே பிசகியது என்பது அந்த நிமிடம் தெரிந்தது. தண்ணீர் வருவதை வாய்க்காலைப் பார்த்துக் கணக்கிட்டோம். நிற்பதை மட்டும் வாட்ஸ்அப்பைப் பார்த்துக் கணக்கிட்டோம். தொடக்கத்தைக் கீழ் வளைவிலும் முடிவை மேல் வளைவிலும் படித்தால் நாலுதான் வரும். டீச்சர் உட்காரச் சொன்னதை இரண்டாம் தடவைதான் கேட்டேன்.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். "போன தடவ மதகு அடைச்ச மறுநாள் வாய்க்கால்ல தண்ணி இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சே. பாயெல்லாம் அலசினேனே."

"அது மிச்சத் தண்ணி" என்றார் அப்பா.

"மிச்சம்னா நெல்லு குடிக்காதா?" என்றாள் அம்மா. உடனே நடவுக் குழுவின் தலைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, அடைக்கிற நாளில் நட வரச் சொன்னாள்.

"அடைக்கிற அன்னைக்கா? நாத்தக் கையில புடிச்சிக்கிட்டு போட்டோ எடுத்துக்கவா?"

"வாங்கக்கா. எம் பொண்ணு கணக்குப் போட்டிருக்கு."

"கணக்குல தண்ணி ஊறுமா? சரி, வர்றோம். தண்ணி இல்லன்னா உன் வீட்டுல மீன் கொழம்பு."

"இருந்தா?"

"அப்பவும் மீன் கொழம்புதான்."

மறுநாள் தண்ணீர் எங்களிடம் வந்து சேர்ந்தது. அப்பா சேறடித்து வைத்தார், நம்பாமலேதான். அடைக்கிற நாள் காலையில் மதகு மூடிய செய்தி வந்தபோது பெண்கள் வரப்பில் நின்றிருந்தார்கள். வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். வாய்க்காலில் ஓட்டம் குறையவில்லை. தலைவி வரப்பில் குனிந்து, வயலுக்குப் பாயும் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தார்.

"ஏ பாப்பா, நாளைக்கும் வருமா?"

"வருங்க."

"அப்ப அம்மாகிட்ட சொல்லு, கொழம்புல புளி கம்மியா போடணும்."

சிரிப்போடு எல்லோரும் இறங்கினார்கள். அப்பா நாற்று முடிகளைக் கட்டுக் கட்டாக வயலுக்குள் வீசினார். நான் பள்ளிக்குப் போகவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மாலை நாலரைக்கு மூன்று மாவும் நட்டு முடிந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.