வலி இருக்கட்டும், பெயரைக் கொடு

என் விலாவில் அக்கி வந்து, கொப்புளம் ஆறிப்போனது. எரிச்சல் மட்டும் போகவே இல்லை. ரவிக்கைத் துணி பட்டாலே மிளகாய்த்தூளைத் தேய்த்த மாதிரி இருக்கும். நரம்பு வலி என்று மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் போனது. செத்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

பிறகு மறதி வந்தது. முள்ளிப்பட்டில் பல வருடமாகப் பட்டு நெய்கிறவள் நான். சேலையில் புட்டாப் பூ விழவேண்டிய இடத்தை விட்டுவிட்டு நெய்துகொண்டே போனேன். "வயசாயிடுச்சில்ல, அப்டித்தான்" என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எனக்குத்தான் உள்ளுக்குள் பயம். யாரிடமும் சொல்லவில்லை.

போன ஆடி வெள்ளியில் மகளுக்குப் பிறந்தநாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அம்மன் கோயிலில் அர்ச்சனைக்கு நின்றோம்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார் குருக்கள்.

நான் பெற்று, நானே வைத்த பெயர். வரவில்லை.

"இன்னாம்மா, என் பேரு தெரியலியா?" சிரிக்கப் பார்த்தாள் மகள். முடியவில்லை.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.

கற்பூரம் எரியும்போது அம்மனோடு சண்டை போட்டேன். 'வலி இருக்கட்டும் தாயே, சுமக்கிறேன். என் பிள்ளை பெயரைப் பிடுங்கினால் நான் எதற்கு இருக்க வேண்டும்?'

அந்த வாரமே மகள் என்னை வேலூருக்கு அழைத்துப்போனாள். நான் மறைத்தும் அவள் கவனித்துவைத்ததையெல்லாம் டாக்டரிடம் கொட்டிவிட்டாள்.

"வலியைக் கவனிக்கவே மூளைக்கு நேரம் சரியாப் போகுதும்மா. தூக்கமும் இல்ல, மாத்திரையும் மந்தம் பண்ணுது. வயசான மூளை எவ்ளோதான் தாங்கும்?" என்றார் டாக்டர். மாத்திரையை மாற்றினார். "பழையபடி முழுசா வரும்னு சொல்ல முடியாதுங்க" என்றும் சொன்னார். அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

மாதங்கள் போயின. மார்கழியில் ஒருநாள் கண் விழித்தால், விடிந்திருக்கிறது! தூங்கியிருக்கிறேன்!

"தமிழரசி, காபி போடுடி!"

யோசிக்காமல் வந்துவிட்டது. மாவுக் கையோடு ஓடிவந்தாள். "இன்னொரு தபா கூப்டும்மா" என்று அழுதாள்.

வலி போகவில்லை. இதைச் சொல்லும்போதும் எரிகிறது. புட்டா சேலை நெய்ய இப்போது எனக்குத் தருவதில்லை. சில நாள் சொற்கள் தொலைகின்றன. நாளை எப்படியோ தெரியாது. நான் கேட்டதை அம்மன் கொடுத்தாள், வலியையும் விட்டுவைத்தாள். பேரம் பேசியது நான்தானே!

வலியோடு இருப்பவர்களே, மறதியை மறைக்காதீர்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள், தாயிடமும் கேளுங்கள். நம் வாய்க்குப் பெயர் வராவிட்டாலும், யாருக்காகக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.